எனக்குப் பின் இருவர்

ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவிகள் வந்து சேரும் வாரத்தில் எங்கள் கல்லூரியில் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். காரணம் ஊருக்கே தெரியும். தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்பிள்ளைகள் போகிற ஊரில் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு தேறிய முதல் பெண். பிறகு தமிழில் முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்புகள், இந்த வேலை. மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பேச்சில் தவறாமல் ஓர் இடம் வரும். "தினமும் காலையில நாலு மணிக்கு எழுந்து படிப்பேன். எங்க வீட்டுல அலாரம் கிடையாது. மன உறுதிதான் எனக்கு அலாரம்" என்பேன். கை தட்டுவார்கள். அந்த வரிக்கு ஒருமுறையும் கைதட்டல் தவறியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்திலிருந்து கேட்டார்கள். என் வாழ்க்கையை எழுத வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாசகர் கடைப்பிடிக்க ஐந்து குறிப்புகள் தர வேண்டும். "தன்வரலாறும் தன்முன்னேற்றமும் கலந்த மாதிரி, மேடம். இப்ப அதுதான் போகுது" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். பணத்துக்காக மட்டுமில்லை, என்னைப் போன்ற ஒருத்திக்கு அது உதவும் என்று உண்மையாகவே நம்பினேன். முதல் அத்தியாயத்துக்கு 'நாலு மணி' என்று தலைப்பு வைத்தேன்.

பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளிடம் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "நாலு மணிக்கு நீயா எந்திரிச்ச?" என்றாள். "நல்லாருக்கே கத! ஆபீஸ் வண்டி நாலரைக்கு வந்துரும். ஏஜென்ட் வந்து கதவத் தட்டுவாரு. நான் எந்திரிச்சு வெளக்கப் போடுவேன். அந்த வெளிச்சத்துலதான யக்கா நீ படிச்ச?"

அவள் குரலில் கோபம் இல்லை. விலைப்பட்டியலில் தப்பு கண்டுபிடித்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். உரித்த தோலை முறத்தில் ஒதுக்கிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

ஆறாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். அப்போது அவளுக்கு வயது பதினொன்று, நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். யார் படிப்பது, யார் வேலைக்குப் போவது என்று எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அப்பா அட்வான்ஸ் வாங்கியிருந்தார், அவ்வளவுதான். அவளுக்கு விரல் வேகம்; குச்சி அடுக்கினால் பெரியவர்களுக்குச் சமமாக அடுக்குவாள். எனக்கு அந்த வேகம் இல்லை. என் படிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் அத்தியாயத்தை என்னால் எழுத முடியவில்லை. எழுத வராதபோது ஆராய்ச்சிக்குப் போவது எங்கள் தொழில்நோய். இந்த வகை நூல் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனேன். தேடிப் போன இடத்தில் இருந்தவர், பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தவர் என்று பள்ளியில் படித்தோமே, அதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

1771இல், தம் அறுபத்தைந்தாம் வயதில், இங்கிலாந்தில் ட்வைஃபோர்டு என்ற கிராமத்தில் ஒரு பேராயர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது அவர் தன் கதையை எழுதத் தொடங்கினார். மகனுக்கு எழுதும் கடிதமாகத்தான் அது தொடங்கியது. தான் முன்னேறிய வழிகளில் சில சந்ததியினருக்கும் பயன்படலாம் என்று முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. ஆனாலும் அந்தப் பகுதி பெரும்பாலும் குடும்பக் கதை, வாலிபக் கதை. பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்து எழுத்து நின்றது. 1783இல் பெஞ்சமின் வாகன் என்ற நண்பர் நீண்ட கடிதம் எழுதுகிறார்: உங்கள் வாழ்க்கை வெறும் வாழ்க்கையல்ல, இளைஞர்கள் தம்மைத் தாமே கற்பித்துக்கொள்வதற்கான பாடம், அவசியம் எழுதி முடியுங்கள் என்று. அந்தக் கடிதத்தையே ஃபிராங்க்ளின் தன் நூலுக்குள் சேர்த்துவிட்டு, 1784இல் பாரிசுக்கு அருகே பாசியில் இரண்டாம் பகுதியைத் தொடங்கினார். என்னிடம் பேசிய பதிப்பகத்தாருக்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மூத்தவர் இந்த வாகன்.

இரண்டாம் பகுதியில் நூலின் குணமே மாறிவிடுகிறது. பதின்மூன்று நற்பண்புகளின் பட்டியல் வருகிறது. வாரம் ஒரு பண்பு. ஒரு சிறு குறிப்பேட்டில் கட்டம் போட்டு, அன்றன்று தவறியதற்குக் கரும்புள்ளி. முதலில் பன்னிரண்டுதான் இருந்தனவாம். உனக்குச் செருக்கு அதிகம் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். ஒழுங்கு என்ற பண்பு மட்டும் கடைசிவரை தனக்குக் கைவரவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். இந்தச் சிரிப்புக்காக அவரை எனக்குப் பிடிக்கும். பின்னால் வந்த தன்முன்னேற்ற ஆசிரியர்களில் பலருக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

அதே பகுதியில் அவருடைய நாள் அட்டவணையும் இருக்கிறது. காலை 5 மணிக்கு எழுவது, இறைவனை நினைப்பது, இன்று என்ன நல்லது செய்யப்போகிறேன் என்று தன்னையே கேட்பது. 8 முதல் 12 வரை வேலை. 12 முதல் 2 வரை வாசிப்பு, கணக்குப் பார்ப்பது, மதிய உணவு. மறுபடி 6 வரை வேலை. பிறகு இரவு உணவு, இசை, உரையாடல். 10 மணிக்குத் தூக்கம். இந்த அட்டவணையை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சாப்பிடுறது இருக்கு மேம். சமைக்கிறது எங்க இருக்கு?"

ஃபிராங்க்ளினின் மனைவி டெபோரா நூலில் வராமலில்லை. துண்டுப்பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதம் செய்வோருக்கு விற்கப் பழைய துணி வாங்கினார் என்றெல்லாம் கணவரே நன்றியோடு எழுதுகிறார். அதையடுத்தே ஒரு கதை. மலிவான மண்கிண்ணத்தில் ஈயக்கரண்டியால் காலை உணவு உண்டுவந்தவருக்கு, ஒருநாள் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக்கரண்டியும் வந்தன. அவருக்குத் தெரியாமல் மனைவி 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியது. அண்டை வீட்டாருக்கு நிகராகத் தன் கணவரும் வெள்ளிக்கரண்டியில் சாப்பிடத் தகுந்தவர் என்பது அவர் சொன்ன காரணம். ஆடம்பரம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு உதாரணமாக ஃபிராங்க்ளின் இதைச் சொல்கிறார். பக்கம் பக்கமாகத் தைத்தவருக்குக் கிடைத்த காட்சி இது.

இன்னொரு பெண்ணும் வருகிறார், பெயரில்லாமல். தென் கரோலினாவில் ஃபிராங்க்ளினோடு கூட்டாக அச்சகம் நடத்தியவர் இறந்துபோகிறார்; அந்த மனிதருக்குக் கணக்கு வைக்கத் தெரியாது. அவருடைய மனைவி ஹாலந்தில் வளர்ந்தவர், அங்கே பெண்களுக்குக் கணக்குப்பதிவு கற்பிப்பார்கள். அவர் அச்சகத்தை ஏற்று, தவணை தவறாமல் கணக்கு அனுப்பி, பிள்ளைகளை வளர்த்து, கடைசியில் அச்சகத்தையே ஃபிராங்க்ளினிடமிருந்து விலைக்கு வாங்கினார். பெண்களுக்கு இசையையும் நடனத்தையும்விடக் கணக்குக் கல்வி பயன்படும் என்று அங்கே பரிந்துரையும் செய்கிறார் நூலாசிரியர். நல்ல பரிந்துரைதான். அந்தப் பெண்ணின் பெயர் எலிசபெத் டிமோத்தி. அதை வேறு இடங்களில்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் சொல்லவந்த பெண்.

ஃபிராங்க்ளினின் தந்தை மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சியவர். இரண்டு மனைவியர் வழியாக அவருக்கு 17 பிள்ளைகள். தன் இடத்தைப் பற்றி ஃபிராங்க்ளின் எழுதும்போது, மகன்களில் தான் கடைசி, பிள்ளைகளில் தனக்குப் பின் இருவர் மட்டும் என்கிறார். அந்த இருவரில் ஒருவர் ஜேன். 1712இல் பிறந்தவர், அண்ணனைவிட ஆறு வயது இளையவர். அச்சுத்தொழில் பழகிய அண்ணன் ஜேம்ஸ் நூலில் வருகிறார். பாய்க்கப்பல் ஓட்டிய அக்காள் கணவர் வருகிறார். ஜேனின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அந்த எண்ணிக்கைக்குள் ஒன்றாக இருக்கிறார், அவ்வளவே. இத்தனைக்கும் ஃபிராங்க்ளின் தன் வாழ்நாளில் வேறு எவரையும்விட அதிகமாகக் கடிதம் எழுதியது இந்தத் தங்கைக்குத்தான்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர் 2013இல் ஜேனைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அதன் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு அவரைத் தெரியும். அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பு கிடைத்தது. தங்கைக்கு அதுவும் இல்லை. அன்றைய மாசசூசெட்ஸில் ஏழைக் குழந்தைகளுக்கான சட்டமே பையனுக்கு எழுதவும் படிக்கவும் கற்பி, பெண்ணுக்குப் படிக்க மட்டும் கற்பி என்றது. ஜேனுக்கு எழுதக் கற்றுத்தந்தது அண்ணனாக இருக்கலாம் என்பது லெப்போரின் ஊகம். 1723இல், பதினேழு வயதில், அண்ணன் பாஸ்டனை விட்டு ஓடிப்போனார். தன்முன்னேற்ற வரலாற்றின் புகழ்பெற்ற காட்சி அது: ஃபிலடெல்ஃபியாத் தெருவில் அக்குளுக்கு ஒன்றாக ரொட்டியை இடுக்கிக்கொண்டு நடக்கும் வாலிபன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி ஓடிப்போயிருந்தால் எந்தத் தெருவில் நடந்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1727 ஜனவரியில் அண்ணன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தங்கை அழகாக வளர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்ன பரிசு அனுப்பலாம் என்று யோசிக்கிறார். தேநீர் மேசை அனுப்ப நினைத்து, அழகுச் சீமாட்டியைவிட நல்ல இல்லத்தரசி மேல் என்று முடிவுசெய்து, நூற்கும் ராட்டினம் அனுப்புகிறார். அதே ஆண்டு ஜேனுக்குக் கல்யாணம், பதினைந்து வயதில். கணவர் சேணம் தைப்பவர், கடனில் மூழ்கியவர். பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பிழைத்தார். குடும்பத்துச் சோப்புப் பக்குவம் அவர் கையில் இருந்தது. அண்ணன் பிரான்சில் பெரிய மனிதர்களுக்குப் பரிசளித்த சோப்பு இந்தத் தங்கை காய்ச்சியது. மகன்களில் இருவருக்குச் சித்தம் கலங்கியது. பன்னிரண்டில் பதினொன்று அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன.

அவரும் ஒரு தன்வரலாறு எழுதினார் என்றுதான் சொல்வேன். வீட்டிலேயே மடித்துத் தைத்த சில தாள்கள். 'வயதுகளின் புத்தகம்' என்று அவரே தலைப்பிட்டார். தான் பிறந்த நாள், கல்யாணமான நாள், முதல் குழந்தை பிறந்த நாள், அது இறந்த நாள், அடுத்தது பிறந்த நாள். இப்படியே போகிறது. அதில் குறிப்புகள் இல்லை, கட்டங்கள் இல்லை, வாசகரும் இல்லை. அண்ணனின் குறிப்பேட்டில் தவறுக்கு ஒரு கரும்புள்ளி என்றால் இங்கே ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளை.

எழுத்துப்பிழைக்காக ஜேன் கடிதங்களில் கூச்சப்பட்டுக்கொண்டே இருக்கிறார். பிழையான எழுத்துக்கூட்டல்தான் ஒலியோடு ஒத்துப்போகிறது, அதுவே சரி என்று அண்ணன் தேற்றுகிறார். அவர் கொடுமைக்காரர் இல்லை. தங்கைக்குப் பாஸ்டனில் வீடு தந்தார். உயிலில் அந்த வீட்டோடு ஆண்டுக்கு 50 பவுன் எழுதிவைத்தார். தன் கதையில் மட்டும் இடம் தரவில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. இந்த நூல் வகையின் அமைப்பு அப்படி. ஒருவர் தானே எழுந்தார் என்று காட்ட வேண்டும். அதே கூரையின் கீழ்ப் பிறந்து, அதே மூளையோடு, எழ முடியாமல் போன ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் பாடம் குலைந்துவிடும்.

ஜேனுக்கு இது தெரிந்திருந்தது. 1786இல், எழுபத்துநான்கு வயதில், ரிச்சர்ட் பிரைஸ் என்ற அறிஞரின் எழுத்தைப் படித்துவிட்டு அண்ணனுக்கு எழுதினார். சாதகமான சூழலில் வைக்கப்படாத ஒரே காரணத்தால் எத்தனையோ ஆயிரம் பாயில்களும் நியூட்டன்களும் அறியாமையிலேயே வாழ்ந்து மடிந்திருப்பார்கள் என்ற பிரைஸின் கருத்தை எடுத்துச் சொல்கிறார். எல்லாத் தடைகளையும் உடைத்து மேலே வருகிறவர்கள் மிகச் சிலரே என்று தன் கருத்தையும் சேர்க்கிறார். யாருக்கு எழுதுகிறார் பாருங்கள். உடைத்து மேலே வந்தவர் என்று உலகம் கொண்டாடும் அந்த ஒருவருக்கு.

பிறகு இந்த வகை பெருகியது. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்' நூலின் பெயரே வகையின் பெயராயிற்று. லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் இளைஞர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது அது. வரிசை வரிசையாக உழைத்து உயர்ந்த ஆண்களின் வாழ்க்கைகள். இதற்குமேல் அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நம் வீடுகளில் இந்த வகைக்கு ஒரே நூல் உண்டென்றால் அது அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. என் மாணவிகளில் பாடப்புத்தகம் தவிர ஒரே ஒரு புத்தகம் படித்தவள் என்றால் அதைத்தான் படித்திருப்பாள். அதில் ஓர் இடம். சென்னை எம்.ஐ.டி.யில் சேர அன்றைக்குச் சுமார் 1000 ரூபாய் வேண்டும், அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுக்கிறார். அதை என் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுக்கிறார். ஃபிராங்க்ளினோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்: அக்காவுக்குப் பெயர் இருக்கிறது, கடனுக்கும் பெயர் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். ராக்கெட் நினைவிருக்கும், கனவு காணச் சொன்னது நினைவிருக்கும். வளையல்? கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பில் இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. துறவு மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. படித்தால் முன்னேறலாம் என்று அண்ணன் சொன்ன அறிவுரை அதிலும் வருகிறது. அவர் படிக்கவும் செய்தார், முதலிடமும் வாங்கினார். படித்த பிறகும் சாதி எப்படிக் கூடவே வந்தது என்பதுதான் மீதிப் புத்தகம். வாசகரை எழுப்பும் நூல்தான் அதுவும். நீயும் என்னைப் போல் ஆகலாம் என்று மட்டும் எங்கேயும் சொல்வதில்லை.

இந்த வகை நூலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினாறு வயதில், ஏழை வீட்டில் பிறந்து படித்து மேலே வந்தவர்களின் கதைகளை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, பக்கம் கிழியும்வரை படித்தவள் நான். நம்மைப் போன்ற ஒருத்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தி சோறு போன்றது. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இரண்டாம் பருவத்தோடு படிப்பை நிறுத்தினாள். மாற்றுச் சான்றிதழுக்கு என்னிடம் கையெழுத்து வாங்க வந்தாள். ஏன் என்று கேட்டேன். "உங்க மாதிரி எனக்கு மன உறுதி இல்ல மேம்" என்றாள். பிறகு விசாரித்தேன். அம்மா இறந்து ஐந்து மாதம். தம்பிக்கும் அப்பாவுக்கும் சமைத்துவைத்து, படுத்த படுக்கையாக இருந்த ஆச்சிக்கு எல்லாம் செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் கல்லூரிக்கு வந்திருக்கிறாள். அவளும் நாலு மணிக்கு எழுந்தவள்தான். என் பேச்சைக் கேட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவள். தன் வீட்டில் நடந்தது அத்தனையையும் தன் உறுதியின் குறை என்று அவள் கணக்கு எழுதிக்கொண்டாள். கணக்குப் போடும் முறையை மேடையில் நின்று சொல்லிக்கொடுத்தவள் நான். கையெழுத்துப் போடாமல் நிறுத்திவைக்கப் பார்த்தேன். மறுநாள் அவள் அப்பா வந்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பதிப்பகத்துக்கு, ஐந்து குறிப்புகள் தர முடியாது, கதை மட்டும் தருகிறேன், அதுவும் இரண்டு பேர் கதையாக இருக்கும் என்று எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது; இந்த வரிசைக்கு அது பொருந்தாதாம். போகட்டும். 'நாலு மணி' அத்தியாயத்தை இப்போது திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு தங்கை போனில் வருவாள். நான் கேட்பேன், அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். வண்டியில் எத்தனை பேர் போவார்கள், யார் யார் தூங்கி விழுவார்கள், மருந்து வாடை எந்தச் சோப்புக்கும் போகாதது, தூக்குவாளியில் என்ன சோறு. பலவும் நான் கேள்விப்படாதவை. ஒரே வீட்டில், ஒரே விளக்கில் இருந்தவள் நான்.

போன வாரம் கூலி பற்றிக் கேட்டேன். ஒரு கட்டை அடுக்கினால் எத்தனை பைசா என்று. அவள் ஒரு தொகை சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மா, "அது பெரியாளுகளுக்கு, ஒனக்கு அம்புட்டுத் தரல" என்று குறுக்கே வந்தாள். "நான் அடுக்குனது எனக்குத் தெரியாதா?" என்று இவள் போனுக்குள்ளிருந்து கத்தினாள். இரண்டு தொகையையும் எழுதிவைத்திருக்கிறேன்.